பதினாறு நாள் ஸ்டெப்னி

தீனதயாளனுக்கு ஒரு பெருமை இருந்தது. இருபத்தேழு வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். எந்த முதலாளியும் இதுவரை அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் வச்சிக்கினது இல்ல என்பார். உண்மை என்னவென்றால், எதைக் கேட்டாலும் முதலில் "ஆச்சு" என்று சொல்லிவிடுகிற பழக்கம் அவருக்கு. தண்ணி ஊத்தியாச்சா, ஆச்சு. காத்துப் பார்த்தாச்சா, ஆச்சு. சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் செய்துவிடுவார். சொன்னதற்கும் செய்ததற்கும் நடுவில் பத்து நிமிடம் ஓடியிருக்கும், யாருக்கும் தெரியாது. அந்தப் பத்து நிமிடம் ஒரு தடவை பதினாறு நாளாக நீண்டுவிட்டது.

சுஜாதா மேடத்திடம் அவர் சேர்ந்து பதினாலு வருடம் ஆகிறது. மேடத்துக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனி, திருவிடந்தையில் கடலைப் பார்த்தாற்போல் வீடு. கோபக்காரர் இல்லை, குரலே உயராது. ஆனால் ஒரு வேலை பாக்கி நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், முடிகிற வரைக்கும் மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தீனதயாளனுக்கு இந்தப் பழக்கமே வந்தது.

போன தை மாதம் மேடம் புது வண்டி வாங்கினார். மழையோ மணலோ, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. சாவி கொடுத்த அன்று ஷோரூம்காரர் அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். தீனதயாளன் மரியாதையாகத் தலையாட்டினார். வண்டியோடு கொடுத்த புத்தகம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் போனது.

ஆடி கடைசியில் ஒரு திங்கட்கிழமை. மேடத்தை ஆபீஸில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, கோவளத்துக்குப் பக்கத்தில் வலது பின்சக்கரம் ஒரு இரும்புக் கம்பியில் ஏறியது. டயரின் பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தவர் சிரித்துவிட்டார். அவ்வளவு பெரிய வண்டிக்கு, பத்தியம் இருந்தவன் மாதிரி ஒல்லியாக, குட்டையாக ஒரு சக்கரம். மேலே மஞ்சள் ஸ்டிக்கர். அதில் பெரிதாக 80 என்று எண், கீழே பொடி எழுத்தில் என்னென்னவோ. எண்பதுக்கு மேல் போகக் கூடாது என்று புரிந்துகொண்டார். அது சரிதான். பொடி எழுத்தைத்தான் படிக்கவில்லை.

அவர் தொழில் பழகிய காலத்து வண்டிகளில் ஸ்டெப்னி என்பது ஐந்தாவது டயர். மற்ற நாலும் எப்படியோ அப்படியே அதுவும். பஞ்சரானால் அதை மாட்டிக்கொள்ளலாம், கிழிந்ததை ஒட்டி டிக்கியில் போட்டுவிட்டு ஆறு மாதம்கூட ஓட்டலாம். ஊரில் பாதி டிரைவர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். தீனதயாளனும் ஓட்டியிருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை.

கேளம்பாக்கத்தில் டயர் கடை வைத்திருக்கிற ஏசுபாதம் கிழிசலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சைடு கட்டு அண்ணாத்த. ஒட்டுனா நிக்காது, புச்சுதான் போடணும். இந்த சைஸு இங்க கெடைக்காது, சொல்லித்தான் வரவைக்கணும். பத்து நாளு ஆவும்."

"வரட்டும். அதுவரிக்கும் ஸ்டெப்னி கீது இல்ல."

"அத்த வச்சிகினு ரொம்ப ஓட்டாத. வூடு போய்ச் சேர்றதுக்குத்தான் அது. அதுவும் இந்த மாரி வண்டிக்கு ஆவவே ஆவாது."

"நான் லாரி ஓட்டும்போது நீ டவுசர் போட்டுகினு இருந்த. எனக்குச் சொல்ல வந்துட்ட."

ஏசுபாதம் டயர் சைஸைக் குறித்துக்கொண்டார். வியாபாரம் பண்ணுகிறவர் எதற்கு வம்பை விலைக்கு வாங்குகிறார்.

அன்று சாயங்காலம் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மேடம் கேட்டார். "பஞ்சர்னு மெசேஜ் போட்டிருந்தீங்களே தயாளன். புது டயர் போட்டாச்சா?"

பத்து நாள் ஆகும் என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்தக் கடை, ஏன் பத்து நாள், வேறு இடத்தில் கேட்டீர்களா என்று பத்து நாளும் கேள்வி வரும். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"ஆச்சு மேடம்."

மேடம் எப்போதும் இடது பக்கம் ஏறி இடது பக்கம் இறங்குகிறவர். ஒல்லிச் சக்கரம் வலது பக்கம். இருந்தும் தீனதயாளன் அன்றைக்கே மஞ்சள் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். திருவிடந்தை வீட்டில் வண்டியை வலது பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, இடது கதவு வழியாக இறங்கப் பழகினார். ஒரு பொய்க்குக் காவல் இருப்பது எவ்வளவு வேலை என்று அந்த வாரம்தான் அவருக்குத் தெரிந்தது.

தினமும் சிறுசேரி, நடுநடுவே சென்னை, வாரத்தில் ரெண்டு தடவை மாமல்லபுரம். எண்பதை மட்டும் அவர் தாண்டவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் சத்தியசந்தன். ஒன்பதாவது நாள் மீட்டரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. வண்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் விளக்கு போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார். அதற்கப்புறம் மேடம் ஆபீஸ் வாசலில் தலைகாட்டும்போதெல்லாம் அணைத்துப் போடுவது ஒரு சடங்காகிவிட்டது. ஏசுபாதத்துக்குத் தினமும் போன். வந்துடும் அண்ணாத்த, வந்துடும் அண்ணாத்த.

பதினாறாம் நாள் டயர் வந்தது. மாட்டி முடித்ததும் தீனதயாளன் கடை வாசலிலேயே ஒரு பெரிய மூச்சு விட்டார். ஒல்லிச் சக்கரம் டிக்கிக்குள் பலகைக்கு அடியில் போய்ப் படுத்தது. திரும்பி வரும்போது, வளைவில் மெதுவாகத் திருப்புகிற இடத்தில் எல்லாம், அடியில் எங்கோ கரகரவென்று பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். புது டயர் சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புது டயர் அப்படிச் சத்தம் போடாது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அடுத்த வாரம் அவருடைய மகள் பூங்கொடிக்கு வளைகாப்பு. திருக்கழுக்குன்றத்தில் மாப்பிள்ளை வீட்டில் வைத்திருந்தார்கள். ரெண்டு நாள் லீவு வேண்டும். மேடம் தாராளமாகப் போகச் சொன்னார்; ஆனால் அந்த ரெண்டு நாளும் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள், நம்பிக்கையான ஆக்டிங் டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள் என்றார்.

மணி இருந்தான். தீனதயாளனின் மனைவி வேண்டாவுக்குத் தம்பி. முப்பத்தாறு வயது, இன்றைக்குக் கால் டாக்ஸி, நாளைக்குக் கல்யாண வேன் என்று நிலையில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறவன். மேடத்தின் கம்பெனியில் ஊழியர்களை ஏற்றி இறக்குகிற வண்டிகளுக்கு நிரந்தர டிரைவர் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. மச்சானைப் பற்றித் தீனதயாளன் ஏற்கெனவே மேடத்தின் காதில் போட்டு வைத்திருந்தார். "இந்த ரெண்டு நாள் எப்படி ஓட்டறார்னு பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று மேடமும் சொல்லியிருந்தார்.

"பூங்கொடிக்குத் தாய்மாமன் நீ. நீயே இல்லன்னா நல்லா இருக்குமாடா?" என்று வேண்டாவுக்குத்தான் குறை.

"சரோஜாகிட்ட சீர்த்தட்டு குடுத்து அனுப்பறன்கா. இந்த வேலை கெடைச்சிட்டா பொறக்கப்போற கொழந்தைக்குத் தொட்டிலு நான்தான் எடுப்பேன்" என்றான் மணி. சரோஜா அவன் மனைவி.

சாவியைக் கொடுக்கும்போது அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று தீனதயாளனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் எதனால் என்று கேட்பான். ரெண்டே நாள், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டார்.

வளைகாப்பன்று பூங்கொடியின் கையில் மூன்றாவது ஜோடி வளையல் ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மணி.

"மாமா, மாமல்லபுரத்துல கீறன். பார்க்கிங்ல திருப்பிகினு இருந்தேன், அடியில டமால்னு ஒரு சத்தம். வண்டி நவுரல. பொகை வாசனை வருது. கெஸ்ட்டுங்க எறங்கி நின்னுகினுகீறாங்க."

பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தீனதயாளனுக்குக் காது அடைத்துப்போனது. என்ன ஆனது, எதனால் ஆனது, யாரால் ஆனது, எல்லாம் அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சந்தனம் பூசிய கையோடு பைக்கை எடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் வேறு காரில் போய்விட்டிருந்தார்கள். வண்டி வெயிலில் குறுக்கே நின்றது. சக்கரங்கள் கட்டிப்போட்ட மாதிரி அசையாமல் கிடந்தன. ஜாக்கி தேடி டிக்கியைக் குடைந்த மணியின் கை முழுக்கக் கறை. "நான் ஒண்ணும் பண்ணல மாமா" என்றான். "தெரியும்டா" என்றார் தீனதயாளன். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு அவர் சொன்ன உண்மை. வண்டியை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு போகிற லாரி வர ரெண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த ரெண்டு மணி நேரமும் இருவரும் புங்கமர நிழலில் உட்கார்ந்து, கடற்கரைக் கோயில் பக்கம் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு, ஜி.எஸ்.டி. ரோடு மேல் இருந்த சர்வீஸ் சென்டருக்கு மேடம் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். கண்ணாடி அறைக்குள் ஏசி குளிர். கதவு மூடியதும் வெளிச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

ஆல்வின் என்கிற சர்வீஸ் மேனேஜர் கையில் ஒரு பேப்பரோடு வந்தார். பொறுமையாகப் பேசுகிற மனிதர். அதுவே தீனதயாளனுக்குப் பயமாக இருந்தது.

"முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல பவரைப் பிரிச்சுக் குடுக்கற யூனிட் கருகிப்போயிருக்கு மேடம். இது ஒரு நாள்ல ஆகறது இல்ல. ஒரே நாள்ல ஆகணும்னா பெருசா ஏதாவது பண்ணியிருக்கணும். ரெண்டு காரணம்தான் இருக்கும்."

"என்ன?"

"ஒண்ணு, மணல்ல மாட்டிட்டு ரொம்ப நேரம் ஆக்சிலரேட்டரை மிதிச்சிருக்கணும். இல்ல, அந்தச் சின்ன ஸ்டெப்னியை மாட்டிட்டு நாள் கணக்கா ஓட்டியிருக்கணும். சின்ன சக்கரம் மத்ததைவிட வேகமாச் சுத்தும் மேடம். மூணு சக்கரம் ஒண்ணு சொல்லும், இது ஒண்ணு சொல்லும். நடுவுல இருக்கறது ரெண்டு பக்கமும் பஞ்சாயத்துப் பண்ணிப் பண்ணியே சூடாகிப் போயிடும்."

மேடம் தீனதயாளன் பக்கம் திரும்பினார். "ஸ்டெப்னி நாம ஒரு நாள்தானே போட்டோம் தயாளன்? அன்னைக்கே மாத்திட்டீங்க இல்ல?"

சந்தேகமே இல்லாத குரல். பதினாலு வருடத்து நம்பிக்கை அந்தக் குரலில் இருந்தது. சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் ஒருவேளை உடைந்து சொல்லியிருப்பார். இல்லை என்று சொன்னால் டயர் மட்டுமா, பதினாலு வருடம் சொன்ன "ஆச்சு" எல்லாம் பொய்யாகிவிடும். பூங்கொடியை நேற்றுச் சாயங்காலம்தான் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு வீட்டில் இவர் ஒருவர் சம்பாத்தியம்தான்.

"ஆமா மேடம். அன்னிக்கே மாத்திட்டேன்."

சொல்லும்போதே பக்கத்தில் நிற்கிற மணியின் மூச்சு அவருக்குக் கேட்டது.

"அப்ப மணல்தான்" என்றார் ஆல்வின். "இருந்தாலும் டிக்கியில ஸ்டெப்னியை ஒரு தடவை பாத்துட்டு எழுதிடறேன். ஒரு நாள் ஓடின டயர் எப்படி இருக்கும்னு பாத்தாலே தெரிஞ்சுடும்."

அவர் கதவைத் திறந்து, வெளியே நின்ற வண்டியை நோக்கி நடந்தார். மேடமும் பின்னால் போனார். மணியும் தீனதயாளனும் வாசல் வரை வந்தார்கள். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓடி வழுக்கையாகிப்போன டயர் அந்தப் பலகைக்கு அடியில் கிடக்கிறது. ஆல்வினுக்கு இன்னும் பத்தடி. ஒன்பதடி. டிக்கி மெதுவாக மேலே எழும்பியது. ஆல்வின் பலகையின் பிடியில் விரலை விட்டார்.

"மேடம்" என்றான் மணி. "பாக்க வேணாம். நான்தான்."

ஆல்வின் கையை எடுத்தார்.

"கெஸ்ட்டுங்க கடல்கிட்ட நின்னு போட்டோ எடுக்கணும்னாங்க. மணல்ல எறக்கினேன். மாட்டிகிச்சு. நல்லா மிதிச்சு வெளிய எடுத்தேன். பயந்துகினு சொல்லல."

மேடம் அவன் பக்கம் திரும்பினார். "நேத்தே சொல்லியிருக்கலாம் இல்லையா மணி" என்றார். "தப்பு நடக்கும். மறைச்சதுதான் எனக்குப் பிடிக்கல. இப்படி இருக்கறவங்களை நம்பி நான் எப்படி ஸ்டாஃபை ஏத்தி அனுப்ப முடியும்?"

ஆல்வின் எழுதினார். மணி கையெழுத்துப் போட்டான். தீனதயாளன் சாட்சி மாதிரி பக்கத்தில் நின்றார். போகும்போது மேடம் அவரிடம் வருத்தமாகச் சொன்னார்: "உங்க மேல ஒண்ணும் இல்ல தயாளன். நீங்க சங்கடப்படாதீங்க."

ரெண்டு பேரும் ரோட்டுக்கு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள்.

"நேத்து ஜாக்கி தேடும்போதே பாத்துட்டேன் மாமா" என்றான் மணி, ரோட்டைப் பார்த்தபடி. "ஒரு நாள் ஓடுன டயர்ல முடி முடியா ரப்பர் நீட்டிகினு இருக்கும். அது மொழுக்குனு கீது."

"ஏன்டா அப்டி சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? பூங்கொடி மாசமா கீது. நீ இப்ப வேலையில்லாம வூட்ல குந்திக்கினா அக்கா தாங்குமா? எனக்கு இது இல்லன்னா கல்யாண வேன் கீது. நெசம் அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

செங்கல்பட்டு பஸ் வந்தது. மணி ஏறிப் போய்விட்டான். தீனதயாளன் வெட்கத்தில் கூசிப்போய் நின்றார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஊரப்பாக்கத்தில் அவர் வீட்டுப் படியேறும்போது சாயங்காலம் நாலு மணி இருக்கும். மணிக்கு வேலை இல்லை என்று ஆன கதையைச் சொல்லிச் சரோஜா முந்திக்கொண்டு போனில் அழுது முடித்திருந்தாள். வேண்டா கூடத்தில் நின்றுகொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி ரெண்டு கையிலும் வளையலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"உனுக்கு ஒரு நல்ல வேலை ஆவட்டும்னு அவரு அந்த அம்மாகிட்ட எத்தினி வாட்டி சொன்னாரு? நீ இன்னாடான்னா வண்டிய மண்ல எறக்கிட்டு, மூடி மறைச்சிகினு நிக்கிற. பதினாலு வருசமா ஒரு பேச்சு வாங்காத மனுசன், உன்னால அங்க போய்த் தலகுனிஞ்சி நின்னுட்டு வந்துகீறாரு. இன்னா, பேசு. வாயில இன்னா கீது?"

"தப்புதான்கா."

"தப்புதான்னா ஆச்சா? கொழந்த பொறக்கும்போது ஆஸ்பத்திரி பக்கம் வந்துடாத. தொட்டிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் மூஞ்சிலயே முழிக்காத."

போனில் "சரிக்கா" என்று மட்டும் கேட்டது.

தீனதயாளனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மேடத்துக்கு முன்னால் வராத உண்மை, ஆல்வினுக்கு முன்னால் வராத உண்மை, தன் சொந்தக் கூடத்தில் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"அவன் மண்ல எறக்கல வேண்டா. அந்த ஸ்டெப்னிய பதினாறு நாளு ஓட்டுனது நானு. மேடத்துகிட்டப் பொய் சொன்னதும் நானு. அவன் எனக்காவ வாங்கிக்கினான்."

வேண்டா போனைப் பார்த்தாள். மணி எப்போதோ வைத்துவிட்டிருந்தான். அவள் கத்துவாள் என்று தீனதயாளன் எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் கத்தவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து அவருடைய போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? அந்த அம்மாவுக்குப் போடு."

"வேலை பூடும் வேண்டா."

"போடு."

ரெண்டாவது ரிங்கிலேயே மேடம் எடுத்தார். "சொல்லுங்க தயாளன்."

சொன்னார். கம்பியில் ஏறிய நாள், பதினாறு நாள், ஆரஞ்சு விளக்கு, ஸ்டிக்கரைச் சுரண்டியது, இன்று காலை சொன்னது, ஒன்றையும் விடாமல் சொன்னார். மேடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ மணி ஏன் தான்தான்னு சொன்னார்?"

தீனதயாளன் பூங்கொடியைப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் என் பொண்ணுக்குத் தாய்மாமன் மேடம்."

மேடம் வழக்கமான அதே தாழ்ந்த குரலில் சொன்னார். "நாளையிலருந்து வர வேண்டாம் தயாளன்."

"மணிக்கு அந்த வேலை…" என்று அவர் தொடங்குவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வேண்டா அவரைப் பார்க்கவில்லை. தன் போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். முழு ரிங்கும் போய்க் கட்டாகியது. மறுபடியும் போட்டாள்.